பக்கத்தில் நின்ற பாலையா

(முன்னாள் மாணவர் சந்திப்பின் முதல் நாள் காலை அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடிய வரையில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



எனக்குக் கொடுத்த தலைப்பு, 'திரையுலகும் புதுக்கோட்டையும்'. செயலாளர் போனில் சொன்னபோது சரி என்று தலையாட்டிவிட்டேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்தால், அதில் நான் சொல்வதற்குப் புதிதாக என்ன இருக்கிறது? பி.யு. சின்னப்பா பிறந்த ஊர் இது. பெயரில் இருக்கிற 'பி' புதுக்கோட்டை என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 'உத்தம புத்திரன்' படத்தில் 1940லேயே இரட்டை வேடம் போட்டவர். சிலம்பம் தெரிந்தவர், பாடத் தெரிந்தவர். சம்பாதித்த பணத்தையெல்லாம் கொண்டு வந்து இந்த ஊரில் வீடு வீடாக வாங்கிப் போட்டார். போதும், இனிமேல் அவர் வீடு வாங்கக் கூடாது என்று சமஸ்தானமே தடை போட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். 35 வயதில், 1951ல் போய்விட்டார். ஜெமினி கணேசன் பிறந்ததும் இங்கேதான். ஏ.வி.எம். ராஜனும் நம்ம ஊர்க்காரர்தான். ஆக, கதாநாயகர்களுக்கு இந்த மண்ணில் பஞ்சமே இல்லை. நம்முடைய மலர்களைப் புரட்டிப் பார்த்தால் இவர்களைப் பற்றி ஏற்கெனவே எழுதித் தீர்த்திருக்கிறார்கள்.

அதனால் தலைப்பைக் கொஞ்சம் வளைக்க அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டேன். கதாநாயகன் பக்கத்தில் நின்ற ஒருத்தரைப் பற்றிப் பேசப் போகிறேன். அவர் புதுக்கோட்டைக்காரர் இல்லை, தெற்குச் சீமைக்காரர். திருநெல்வேலி சுப்பிரமணியம் பாலையா, நாமெல்லாம் அறிந்த டி.எஸ். பாலையா.

ஏன் அவர் என்று கேட்பீர்கள். காரணம் ஒரு போன் பேச்சு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் கல்லூரியில் சனிக்கிழமை தோறும் படம் போட்டுப் பார்க்கும் பிள்ளைகள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். போன மாதம் அவர்களில் ஒரு தம்பி என்னிடம், "ஐயா, ஹாலிவுட்ல 'கேரக்டர் ஆக்டர்'னு ஒரு பெரிய பரம்பரையே இருக்கு. நம்மகிட்ட அப்படி யாராவது உண்டா?" என்று கேட்டான். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் வருத்தம். வால்டர் பிரென்னனைத் தெரிந்து வைத்திருக்கிறான், பாலையாவைத் தெரியவில்லை. அவன் மேல் குற்றமில்லை. செல்போனில் வந்து விழுகிற துண்டுக் காட்சிகளில் பாலையா முகத்தை அவன் நூறு தடவை பார்த்திருப்பான். பெயர்தான் தெரியாது. இந்த வகை நடிகருக்கு உலகம் முழுக்க இதுதான் நிலைமை. முகம் எல்லாருக்கும் தெரியும், பெயர் பாதிப் பேருக்குத்தான் தெரியும்.

அந்தத் தம்பி சொன்ன வால்டர் பிரென்னனிடமிருந்தே ஆரம்பிக்கலாம். ஆஸ்கர் பரிசில் துணை நடிகருக்கென்று ஒரு பிரிவு 1936ஆம் வருஷத்துப் படங்களுக்குத்தான் முதன்முதலில் வந்தது. முதல் பரிசு வாங்கியவர் அவர். அப்புறம் 1938, 1940 என்று இன்னும் இரண்டு. ஆனால் இதில் ஒரு சேதி இருக்கிறது. கதாநாயகனுக்குத் தங்க முலாம் பூசிய சிலை, துணை நடிகருக்கு வெறும் தகடு! சுவரில் மாட்டுகிற பட்டயம் மாதிரி. 1944ல் நடந்த விழாவிலிருந்துதான் இவர்களுக்கும் சிலை கொடுத்தார்கள். அங்கேயே அப்படி. தாமஸ் மிச்செல் என்று ஒருவர். 1939 என்ற ஒரே வருஷத்தில் 'ஸ்டேஜ்கோச்', 'கான் வித் தி விண்ட்', 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்' என்று எல்லாவற்றிலும் இருக்கிறார். படம் பார்த்தவனைக் கேட்டால் கிளார்க் கேபிள் பெயரைச் சொல்வான், ஜான் வேய்ன் பெயரைச் சொல்வான். குடிகார டாக்டராக வந்தாரே, அவர் பெயர் என்ன என்றால் தலையைச் சொறிவான். இத்தனைக்கும் அந்த டாக்டர் வேடத்துக்குத்தான் அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது.

இப்போது நம் பக்கம் வாருங்கள். அதே 1936. அந்த வருஷம்தான் நம்ம ஊர் சின்னப்பா 'சந்திரகாந்தா'வில் திரைக்கு வந்தார். அதே வருஷம்தான் 'சதிலீலாவதி' வந்தது. எஸ்.எஸ். வாசன் எழுதிய கதை. எடுத்தவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். அந்த ஒரே படத்தில் எம்.கே. ராதா, எம்.ஜி.ஆர்., என்.எஸ். கிருஷ்ணன், பாலையா என்று நாலு பேர் முதல்முதலாகத் திரைக்கு வந்தார்கள். இதில் எம்.ஜி.ஆருக்கு ஒரு இன்ஸ்பெக்டர் வேடம், சின்ன வேடம். பாலையாவுக்கு, கதாநாயகனைக் குடிக்கு இழுத்துக் கெடுக்கிற நண்பன் வேடம், படத்தின் வில்லன். அன்றைக்கு யாரையாவது கூப்பிட்டு, இந்த இரண்டு பேரில் யார் பின்னாளில் நாட்டையே ஆளுவார் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

டங்கனுக்குத் தமிழ் தெரியாது. பதினைந்து வருஷம் இங்கே இருந்து 'அம்பிகாபதி', 'சகுந்தலை', 'மீரா', 'மந்திரி குமாரி' எல்லாம் எடுத்த மனுஷன், கடைசி வரை உதவியாளர்களை வைத்துக்கொண்டுதான் வேலை செய்தார். இதில் எனக்கு ஒரு எண்ணம் உண்டு. என் சொந்த அபிப்பிராயம்தான், சண்டைக்கு வராதீர்கள். வசனம் புரியாத ஒரு டைரக்டருக்கு முன்னால் நடிக்கிறவன் எதை நம்ப முடியும்? முகத்தைத்தான். நாடக மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி கத்திப் பழகிய ஆட்கள் அவர்கள். பாலையாவும் நாடகக் கம்பெனியிலிருந்து வந்தவர்தான். காமிரா பக்கத்தில் வந்து நிற்கும்போது புருவத்தை ஒரு நூல் தூக்கினால் போதும் என்ற பாடம் அவருக்கு டங்கனிடம்தான் கிடைத்திருக்க வேண்டும். மறு வருஷமே, 1937ல், 'அம்பிகாபதி'யில் தியாகராஜ பாகவதருக்கு எதிரே ருத்ரசேனனாக நிற்கிறார். பாகவதர் பாடினால் ஊரே மயங்கிக் கிடந்த காலம். அவருக்கு எதிரே நின்று, பாட்டே இல்லாமல், ஜனங்கள் தன்னையும் கவனிக்கும்படி செய்வது சாதாரணக் காரியமா?

அப்புறம் இருபது வருஷம் வில்லன்தான் அதிகம். 1942ல் மாடர்ன் தியேட்டர்ஸ் 'மனோன்மணி'யில் நம்ம சின்னப்பாவோடு நடித்தார். நடுவில் கதாநாயக வேடங்களும் வந்தன. 1948ல் வந்த 'மோகினி'யில் அவருக்கும் எம்.ஜி.ஆருக்கும் முக்கிய வேடங்கள். ஆனால் எம்.ஜி.ஆர். ஒரு பாதையில் போனார், இவர் இன்னொரு பாதையில் போனார். எட்டு வருஷம் கழித்து 'மதுரை வீர'னில் எம்.ஜி.ஆர். வீரன், பாலையா வில்லன் நரசப்பன். எங்கள் ஊர் ஆலங்குடிப் பக்கம். டூரிங் கொட்டகையில் நான் சின்னப் பையனாக, மணலைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த கிழவி திரையைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள், "நாசமாப் போறவனே" என்று. பாலையாவுக்கு எந்தப் பத்திரிகையிலும் அப்படி ஒரு விமர்சனம் வந்திருக்காது.

இதை மட்டும் சொல்லிவிட்டால் அவர் நிறைய பேரில் ஒரு வில்லன், அவ்வளவுதான். 1949ல் அண்ணா எழுதிய 'வேலைக்காரி'யைப் பாருங்கள். கே.ஆர். ராமசாமி பழி வாங்கத் துடிக்கிறார். அவருடைய நண்பன் மணியாக பாலையா. கோபத்தோடு நிற்கிறவனிடம், ஆயுதத்தை வை, மூளையைப் பயன்படுத்து என்று எடுத்துச் சொல்லி வழி காட்டுகிற பாத்திரம். நண்பனைக் கெடுக்கிற நண்பனாகத் தொடங்கியவர், நண்பனைக் காப்பாற்றுகிற நண்பனாக வருகிறார். 1954ல் 'தூக்குத் தூக்கி'யில் வடநாட்டுச் சேட்டாக வந்து தமிழைக் கடித்துத் துப்புகிறாரே, அது வேறே ரகம். 1959ல் 'பாகப்பிரிவினை'. பாலையாவும் எஸ்.வி. சுப்பையாவும் அண்ணன் தம்பி. வீட்டுக்கு நடுவில் சுவர் எழும்புகிற அந்தக் குடும்பத்தைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் இரண்டு பங்காளிகள் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள் என்று என் தகப்பனார் சொல்வார். எவ்வளவு தூரம் நிஜமோ, ஆனால் அந்தப் பங்காளிகள் பேசிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். நடிக்கிறவனுக்குப் பேசுவது சுலபம். அடுத்தவன் பேசும்போது என்ன செய்வது? அதுதான் கஷ்டம். பாலையா உலகத்திலேயே மிக நன்றாகக் கேட்ட நடிகர் என்று நான் துணிந்து சொல்வேன். மூன்று காட்சிகளைச் சொல்கிறேன்.

முதலாவது 'காதலிக்க நேரமில்லை', 1964, ஸ்ரீதர் படம். பணத்தாசை பிடித்த எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன் இவர். பிள்ளை செல்லப்பா, நாகேஷ், சினிமா எடுக்கப் போகிறேன் என்று திரிகிறவன். அப்பாவுக்குப் பேய்க் கதை சொல்கிறான். எல்லாரும் நாகேஷ் நாகேஷ் என்கிறோம். நாகேஷ் மகா கலைஞர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டுக்குப் போய் அந்தக் காட்சியை இன்னொரு தடவை, நாகேஷ் பக்கம் கண்ணை ஓட்டாமல் பாருங்கள். பாலையா கிட்டத்தட்ட பேசுவதே இல்லை. முதலில் சலிப்பு. இந்தப் பயல் என்ன உளறுகிறான் என்ற முகம். அப்புறம் ஒரு சின்ன ஆர்வம். ஆர்வத்தை மறைக்கிற ஒரு கௌரவம். கௌரவத்துக்குக் கீழே பயம் மெதுவாகத் தண்ணீர் மாதிரி ஏறுகிறது. கடைசியில் கோடீஸ்வரர் போய், இருட்டில் தனியாக மாட்டிக்கொண்ட குழந்தை உட்கார்ந்திருக்கிறது. நாகேஷ் சொல்கிற கதையில் பேயே கிடையாது. பேய் பாலையா முகத்தில்தான் இருக்கிறது. அவர் பயப்படாவிட்டால் நாம் சிரிக்கவே முடியாது.

இந்தப் படத்தை இந்தியில் 'பியார் கியே ஜா' என்று 1966ல் எடுத்தார்கள். நாகேஷ் செய்ததை மெஹ்மூத் செய்தார், பாலையா செய்ததை ஓம் பிரகாஷ் செய்தார். மெஹ்மூதுக்குப் பிலிம்பேர் பரிசு கிடைத்தது. கதை சொன்னவருக்குப் பரிசு. கதை கேட்டவருக்கு? கேட்டதற்கெல்லாம் யார் பரிசு கொடுக்கிறார்கள்!

இரண்டாவது 'திருவிளையாடல்', 1965. அப்போது நான் புகுமுக வகுப்பு. கீழராஜவீதிப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்தோம். நாலு தடவை பார்த்தேன், நாலாவது தடவைக்குக் காசு கடன். ஹேமநாத பாகவதராக வருகிறார் பாலையா. பாண்டியன் சபையில் அந்தப் பெரிய பாட்டு. பாடியது பாலமுரளிகிருஷ்ணா. குரல் அவருடையது, செருக்கு முழுக்க பாலையாவுடையது. ராகம் மாற மாற முகத்தில் கர்வம் ஒவ்வொரு படியாக ஏறுகிறது. இசை மேதையின் சாரீரத்துக்கு இன்னொருவர் சரீரம் கொடுப்பது என்றால் சும்மாவா? வாய் அசைவு தப்பினால் சபையே சிரித்துவிடும். இதை எல்லாரும் பாராட்டியிருக்கிறார்கள், நான் கூடச் சேர்க்க ஒன்றுமில்லை.

எனக்கு அதைவிடப் பெரியது அடுத்து வருகிற ராத்திரி. விறகு வெட்டியாக வந்த சிவாஜி வெளியே பாடுகிறார். ஹேமநாதர் உள்ளே இருந்து கேட்கிறார். யாரடா இது என்ற எரிச்சல்தான் முதலில். பிறகு கலைஞனுடைய காது விழித்துக்கொள்கிறது. இது நல்ல பாட்டு. இல்லை, இது பெரிய பாட்டு. இது என்னால் முடியாத பாட்டு. பாணபத்திரர் வேண்டாம் என்று தள்ளிய ஆளே இப்படிப் பாடினால்? இரவோடு இரவாக ஊரை விட்டுப் போகிறார். அவரைக் கோமாளியாக்கி விரட்டியிருக்கலாம், படம் பார்க்கிறவர்கள் கைதட்டியிருப்பார்கள். பாலையா அப்படிச் செய்யவில்லை. தன்னைவிடப் பெரியதைக் கேட்டு அடையாளம் கண்டுகொண்ட வித்துவானாகப் போகிறார். தோற்றுப் போகிறவனுக்கும் ஒரு மரியாதை உண்டு என்று எனக்குப் பதினாறு, பதினேழு வயதில் காட்டிய ஆள் அவர்.

மூன்றாவது 'தில்லானா மோகனாம்பாள்'. கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் விகடனில் எழுதிய கதை. ஏ.பி. நாகராஜன் 1968ல் படமாக்கினார். சிக்கல் சண்முகசுந்தரமாக சிவாஜி, பக்கத்தில் இரண்டாவது நாதஸ்வரம் நம்ம ஊர் ஏ.வி.எம். ராஜன், தவில் முத்துராக்காக பாலையா. எங்கள் ஊர்க் கோயில் தவில்காரர் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போய்ப் படத்தைக் காட்டினோம். அந்தத் தொழிலில் நாற்பது வருஷம் இருந்தவர், விரல்கூடு கட்டிக் கட்டி விரல் நுனியே காய்த்துப் போன மனுஷர். வெளியே வந்து வெற்றிலையைப் போட்டுக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "கை கொஞ்சம் பொய்தான் தம்பி. கண்ணு நிஜம்." அப்போது புரியவில்லை. பிறகு கச்சேரிகளில் உட்கார்ந்து கவனித்தபோது புரிந்தது. நல்ல தவில்காரர் தன் கையைப் பார்ப்பதில்லை. நாதஸ்வரக்காரர் முகத்தையே பார்க்கிறார். அவர் எங்கே மூச்சு விடுவார், எங்கே இழுப்பார், எங்கே தனக்கு இடம் விடுவார் என்று. பாலையா படம் முழுக்க சிவாஜியை அப்படித்தான் பார்க்கிறார். சண்டைக்குப் போகிற தம்பியைப் பார்க்கிற அண்ணன் மாதிரி, கோபக்காரக் குருவைப் பார்க்கிற சிஷ்யன் மாதிரி, சில நேரம் இவன் எப்போது திருந்துவான் என்று பார்க்கிற ஊர்க்காரன் மாதிரி.

இங்கே நான் மறுபடியும் புதுக்கோட்டைக்கு வருகிறேன். தலைப்பை விட்டு ஓடிவிட்டேன் என்று செயலாளர் நினைக்க வேண்டாம். சங்கீத உலகத்தில் இந்த ஊர்ப் பெயர் எதனால் நிலைத்தது? மான்பூண்டியா பிள்ளையால். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்து உட்கார வைத்தவர். உடும்புத் தோல் போர்த்திய, ஒரு கையில் அடங்குகிற வாத்தியம். அவருடைய சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை. 'புதுக்கோட்டை பாணி' என்று லயத்தில் ஒரு தனி வழியே உண்டு. பழனி சுப்பிரமணிய பிள்ளை அந்த வழியில் வந்தவர்தான். ஆக, இந்த ஊர் உலகத்துக்குக் கொடுத்த பெரிய கொடை பக்கவாத்தியம்! நடுவில் உட்காருகிறவர் இல்லை, பக்கத்தில் உட்காருகிறவர். பாடகர் தடுமாறினால் தாங்கிப் பிடிக்கிறவர், பாடகர் பறந்தால் கூடப் பறக்கிறவர். பாலையாவைப் புரிந்துகொள்ள தமிழ்நாட்டில் எந்த ஊருக்கும் இல்லாத உரிமை நமக்கு இருக்கிறது.

1967ல் பாலச்சந்தரின் 'பாமா விஜயம்' வந்தது. மூன்று பிள்ளைகள், மூன்று மருமகள்கள், பக்கத்து வீட்டுக்கு ஒரு நடிகை வருகிறாள், குடும்பமே தலைகீழாகிறது. இந்தக் கூத்துக்கு நடுவில் அப்பாவாக பாலையா. இதையே தெலுங்கில் எடுத்தபோது அந்த வேடத்துக்கு எஸ்.வி. ரங்காராவைப் போட்டார்கள் என்றால் வேடத்தின் கனம் தெரியும். அதே வருஷம் 'ஊட்டி வரை உறவு'. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு ஒரு நடிகருக்கு இப்படி வரிசையாக வேடங்கள் வந்தது, அவர் கதாநாயகனாக இல்லாததால்தான். கதாநாயகனுக்கு வயசாகக் கூடாது. இவருக்கு வயசானது, வயசையும் வேடத்தில் சேர்த்துக்கொண்டார்.

1972 ஜூலையில் காலமானார். 57 வயதுதான். தேசியத் திரைப்பட விருதில் துணை நடிகருக்கென்று ஒரு பிரிவு வந்தது 1984ஆம் வருஷத்துப் படங்களுக்கு. முதல் விருது விக்டர் பானர்ஜிக்கு. பாலையா போய்ப் பன்னிரண்டு வருஷம் கழித்து. அவருடைய மகன் ஜூனியர் பாலையாவும் அதே வழியில் வந்தார். 'கரகாட்டக்கார'னில் பார்த்திருப்பீர்கள், 'சாட்டை'யில் தலைமையாசிரியராகப் பார்த்திருப்பீர்கள். அவரும் 2023ல் போய்விட்டார்.

இப்போது அந்தப் போன் பேச்சு.

1968 டிசம்பரில் நம் விடுதி நாளுக்கு ஒரு சரித்திர நாடகம் போட்டோம். நான் ராஜா. கிரீடம், ஜிகினா, வாடகைக்கு எடுத்த வாள் எல்லாம் எனக்கு. என் அறைத் தோழன் மந்திரி. அவனுக்கு ஒரு தாடி, ஒரு பழைய சால்வை. இரண்டாவது காட்சியில், சபை நிறையக் கூட்டம், எனக்கு வசனம் அப்படியே மறந்து போச்சு. துடைத்து எடுத்த மாதிரி. திரைக்குப் பின்னால் இருந்து எடுத்துக் கொடுக்கிறவர் அந்த நேரம் பார்த்து பீடி பிடிக்கப் போயிருந்தார். அரை நிமிஷம் நின்றிருப்பேன். அரை நிமிஷம் மேடையில் ஒரு யுகம். அவன் என்ன செய்தான் தெரியுமா? தாடியைத் தடவிக்கொண்டு என்னைச் சுற்றி ஒரு நடை நடந்து, "மன்னர் யோசிக்கட்டும். அவசர முடிவால் அழிந்த நாடுகளை அடியேன் அறிவேன்" என்றான். அப்புறம் அந்த நாடுகளில் ஒன்றின் கதையைச் சொல்ல ஆரம்பித்தான். அதில் எங்கேயோ என் அடுத்த வசனத்தின் முதல் வார்த்தையை நுழைத்துவிட்டான். எனக்கு எல்லாம் திரும்பி வந்தது. கூட்டத்துக்கு எதுவுமே தெரியாது. சிறந்த நடிகர் கோப்பை எனக்குக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும், வாங்கும்போது அவன் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவன் படித்து முடித்து, ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்து எழுத்தராகவே ஓய்வு பெற்றான். இப்போது அறந்தாங்கிப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறான். இந்தச் சந்திப்புக்குக் கூப்பிட்டேன். "நான் வரலைடா" என்றான். உடம்புக்கு ஏதாவதா என்றால் அதெல்லாம் இல்லை. "மலர்ல போடுறதுக்குச் சாதனைக் குறிப்பு அனுப்பச் சொல்லி ஒரு படிவம் வந்துச்சு. நானும் பேனாவை எடுத்துட்டு உக்காந்தேன். பேரு எழுதினேன், வருஷம் எழுதினேன். அதுக்குக் கீழே எழுத ஒண்ணுமில்லடா. கலெக்டர், டாக்டர், துபாய்னு வந்திருப்பாங்க. நான் என்னத்தை வந்து உக்காந்திருக்கிறது? நீ போய்ட்டு வந்து சொல்லு" என்றான். அவன் குரலில் வருத்தம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த விடுதி நாள் நாடகத்தை நினைவுபடுத்தினேன். "ஆமா, நீ ராஜாவா நல்லா பண்ணினே" என்றான். கதை சொல்லிக் காப்பாற்றியதை அவன் மறந்தே போயிருந்தான்.

இந்த ஹாலில் இன்றைக்கு நூற்றெண்பது பேர் இருக்கிறோம் என்று பதிவு மேசையில் சொன்னார்கள். எங்கள் வகுப்பில் மட்டும் உயிரோடு இருந்தும் வராதவர்கள் பதினொரு பேர். பதினொரு பேரும் அந்தப் படிவத்தால்தான் வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். நாலைந்து பேராவது அதனால்தான். சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று: அடுத்த மலருக்கு அனுப்பும் படிவத்தில் 'சாதனை' என்ற கட்டத்தை எடுத்துவிடுங்கள். 'என்ன செய்தீர்கள்' என்று மட்டும் கேளுங்கள். எழுத நிறைய வரும்.

அந்தக் கோப்பை என் வீட்டு அலமாரியில் ஐம்பது வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. வெள்ளி முலாம் போய்ப் பித்தளை தெரிகிறது. இன்றைக்குப் பையில் போட்டு எடுத்து வந்திருக்கிறேன். நாளை மதியம் நம் நிகழ்ச்சி முடிந்ததும் எங்கள் வகுப்புத் தோழர்கள் ஐந்தாறு பேர் அறந்தாங்கி பஸ் ஏறுவதாகப் பேச்சு. வருகிறவர்கள் என்னிடம் பெயர் கொடுக்கலாம். அவனுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் வீட்டில் இருக்க மாட்டான்.

தம்பி, கேள்வி கேட்டாயே, நீ எங்கே நிற்கிறாய் என்று தெரியவில்லை. சாயந்திரம் ஐந்து மணிக்கு இதே ஹாலில் 'காதலிக்க நேரமில்லை' போடுகிறார்கள். முன்னால் வந்து உட்கார். அந்தப் பேய்க் கதை வரும்போது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

சாப்பாடு ஆறுகிறது என்று பின்னாலிருந்து சைகை காட்டுகிறார்கள்.